செல்ஃப் சுத்துது... ஆனா கார் ஸ்டார்ட் ஆகல! - தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம்

அதிகாலை நாலரை மணி. 6 - 7.30 முகூர்த்தம். பட்டுப்புடவை, மொய்க் கவர், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகள், முன் சீட்டில் மாமியார் என எல்லோரும் ஏறியாகிவிட்டது. முதல் நாள் மாலை வெளியே எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடி உள்ளே விட்ட கார் பளபளவென்று நிற்கிறது. சாவியைத் திருப்பினால் 'விர்ர்ர்... விர்ர்ர்...' என்று இன்ஜின் சுற்றுகிறது. ஆனால், பிடிக்கவில்லை. மறுபடியும் 'விர்ர்ர்...'

"பேட்டரி டவுனா இருக்கும் சார்" என்கிறார் எதிர் வீட்டுக்காரர். "ரெண்டு பசங்களைக் கூப்பிடுங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்கிறார் மாடி வீட்டுக்காரர். "ஏங்க, நேத்து பெட்ரோல் போட்டீங்களா இல்லையா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். ஓட்டுநர் சீட்டில் இருப்பவர் யாருக்கும் பதில் சொல்லாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். சத்தம் மெள்ள மெள்ளக் களைத்துப்போகிறது. ஐந்தாவது நிமிடத்தில் எதிர் வீட்டுக்காரர் சொன்னது பலித்துவிடுகிறது. இப்போது பேட்டரி நிஜமாகவே டவுன்!

கார் வைத்திருக்கும் வீடுகளில் இப்படி ஒரு காலை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அன்றைக்குப் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவை ஆயிரங்களில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

'ஸ்டார்ட் ஆகல' என்பது ஒரு நோய் அல்ல, இரண்டு!

மெக்கானிக்குக்கு போன் செய்து "கார் ஸ்டார்ட் ஆகல" என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்குதா?" என்பதுதான். சாவியைத் திருப்பினால் மூச்சே இல்லை, அல்லது 'டக்... டக்...' என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி, பேட்டரி டெர்மினல், செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

நம் முகூர்த்தக் காரின் கதை வேறு. அதில் செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் உயிர் வரவில்லை. அப்படியென்றால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. அவற்றின் மேல் சந்தேகப்பட்டு புது பேட்டரி வாங்கினால், புது பேட்டரியோடும் கார் ஸ்டார்ட் ஆகாமல் அதே இடத்தில் நிற்கும்.

காரைத் தள்ளுவதும் அப்படித்தான். ஒரு காலத்தில் இன்ஜினைச் சுற்றிவிடக் கைதான் கருவி. பழைய அம்பாசடர்களில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றியதைத் தாத்தாக்கள் சொல்வார்கள். அந்தக் கைவேலையை மின்சார மோட்டாரிடம் ஒப்படைத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. ஹேண்டில், செல்ஃப் மோட்டார், நாலு பேர் தள்ளுவது ஆகிய மூன்றுமே செய்வது ஒரே வேலையைத்தான். இன்ஜினைச் சுற்றிவிடுவது, அவ்வளவே! செல்ஃபே நன்றாகச் சுற்றும்போது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை தள்ளுவதில் புதிதாக எதுவும் நடந்துவிடப்போவதில்லை. மாறாக, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும். திடீரென்று இன்ஜின் பிடித்தால் அந்தப் பெட்ரோல் அங்கே எரிந்து கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடலாம். விலை உயர்ந்த பொருள் அது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் தள்ளும் பேச்சே வேண்டாம்.

எனவே, முதல் வேலை கையை சாவியிலிருந்து எடுப்பது. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கிற சாதனம். விடாமல் ஓட்டினால் சூடேறிக் கருகும். இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்காத இன்ஜின், இருபதாவது முயற்சியில் மனமிரங்கிப் பிடிப்பது அபூர்வம்.

காது கேட்கட்டும், கண் பார்க்கட்டும்

பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவை மிகக் குறைவு. காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி, அந்தக் கலவையை நெருக்குவதற்கான அழுத்தம். இந்த நான்கில் எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த விளையாட்டும். மெக்கானிக் வருவதற்கு முன், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் நாமே பாதித் தூரம் போய்விடலாம்.

முதலில் வேகம். வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால், ஹெட்லைட்டும் மங்கினால், பேட்டரி மீதான சந்தேகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுவது முழு சார்ஜ் உள்ள பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், இன்ஜின் சுற்றினாலும் இக்னிஷனுக்கும் காரின் கம்ப்யூட்டருக்கும் போதிய மின்சாரம் கிடைக்காது. இந்த நிலைக்கு ஜம்பர் கேபிள் போதும்.

அடுத்தது மீட்டர் போர்டு. பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பெட்ரோல் தீர்ந்துபோனது தெரியாமல் டோ வண்டியைக் கூப்பிட்டவர்கள் உண்டு. முள் கால் டேங்க் காட்டினாலும் டேங்கில் உள்ள மிதவை பழுதாகியிருந்தால் அது பொய்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்ப்பது மலிவான சோதனை.

அதே போர்டில் சாவி படம் அல்லது கார் மேல் சாவி வரைந்தது போன்ற விளக்கு ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து அணைய வேண்டும். விடாமல் கண் சிமிட்டினால், கார் உங்களைத் திருடன் என்று நினைக்கிறது என்று அர்த்தம். இதுதான் இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. அதன் அடையாளத்தை கார் படித்து ஒப்புக்கொண்டால்தான் பெட்ரோல் வரும். பல கார்களில் சிப் படிக்கப்படாவிட்டாலும் செல்ஃப் மட்டும் ஜோராக எடுக்கும். சிலவற்றில் ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்துவிடும். கீழே விழுந்து உடைந்த சாவி, தெருவோரக் கடையில் சிப் இல்லாமல் போட்ட டூப்ளிகேட் சாவி, ஒரே வளையத்தில் தொங்கும் இன்னொரு வண்டியின் சிப் சாவி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள். பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியை எடுத்துவரச் சொல்லுங்கள். ஸ்பேர் சாவியில் ஸ்டார்ட் ஆனால் பிரச்னை முடிந்தது. ஆனால், அந்த பீரோ ஊரில் இருந்து, நீங்கள் டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது? அதனால்தான் வெளியூர்ப் பயணத்தில் ஸ்பேர் சாவி காருக்குள் அல்ல, கூட வருபவரின் கைப்பையில் இருக்க வேண்டும்.

பிறகு பெட்ரோல் பம்ப். பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு, மூன்று விநாடிகளுக்கு 'ஹ்ம்ம்ம்' என்று மெல்லிய ரீங்காரம் வந்து நிற்க வேண்டும். பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் சுற்றுவதற்கு முன் பைப்பில் அழுத்தத்தை ஏற்றும் சத்தம் அது. எல்லா மாடல்களிலும் ஒரே மாதிரி கேட்காது. கார் நன்றாக ஓடும் நாளிலேயே ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால், கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

சத்தமே இல்லையா? உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பம்புக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு ஃபியூஸும் ஒரு ரிலேவும் இருக்கின்றன. ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்திலோ, காரோடு தந்த கையேட்டிலோ எது எங்கே என்று படம் இருக்கும். அதே பாக்ஸில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் அச்சிட்ட ரிலே இருந்தால், சாவியை ஆஃப் செய்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இப்போது பம்ப் பாடி, ஹாரன் ஊமையானால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. ரிலே சில நூறு ரூபாய். பம்ப் சில ஆயிரம். இந்த ஒரு நிமிட சோதனையைச் செய்யாமலே டேங்கை இறக்கும் ஒர்க் ஷாப்களும் இருக்கின்றன.

நிஜமாகவே பம்ப்தான் தேய்ந்துபோயிருக்கிறது என்றால் அதற்கு நம் பங்களிப்பும் இருக்கக்கூடும். பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய, 200 ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் காரில் பம்ப் சூட்டிலேயே வாழ்கிறது.

மூக்கு சொல்லும் ரகசியம்

பம்ப் பாடுகிறது, சாவி விளக்கு அணைகிறது, இன்ஜினும் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால், கார் பக்கத்தில் நின்றால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. முகூர்த்தக் காருக்குத் திரும்புவோம். முதல் நாள் மாலை போர்ட்டிகோவிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி, மறுபடி உள்ளே விட்டார்கள் இல்லையா? சிக்கலின் வேர் அங்கேயே இருக்கலாம்.

குளிர்ந்த இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் தாராளமாகவே பெட்ரோல் கொடுக்கும். பத்து விநாடி ஓட்டி, காரை நகர்த்தி, உடனே அணைத்தால் அந்தப் பெட்ரோல் முழுதும் எரியாமல் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்துவிடும். கோலம் போட வழிவிடுவது, பின்னால் நிற்கும் பைக்கை எடுக்க காரை நகர்த்துவது, கழுவிவிட்டு உள்ளே விடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது நனைந்த பிளக்கில் பொறி சரியாக வராது. சாவியைத் திருப்பத் திருப்ப இன்னும் பெட்ரோல் சேர்ந்து, இன்னும் நனையும். மெக்கானிக் மொழியில் 'ஓவர்ஃப்ளோ'.

இதற்குத் தீர்வு ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. மிதியைத் தரை வரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெரும்பாலான பெட்ரோல் கார்களில், சுற்றும்போது ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டு காற்றை மட்டும் உள்ளே விடும். பிளக் காய்ந்ததும் இன்ஜின் இருமிக்கொண்டு பிடிக்கும். பிடித்த கணம் காலை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் புகை, கொஞ்சம் வாடை, கொஞ்சம் நடுக்கம் எல்லாம் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பேட்டரியைத் தீர்ப்பதற்கு முன் இதைச் செய்திருந்தால், அந்தக் குடும்பம் தாலி கட்டும் நேரத்துக்கு மண்டபத்தில் இருந்திருக்கும்.

பெட்ரோல் வாடை அடிக்கும்போது ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. பிளக் கேபிளைக் கழற்றி, இன்ஜின் மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வித்தை. அந்தக் கம்பியில் பாய்வது 20,000 வோல்ட்டுக்கும் மேல். பக்கத்தில் பெட்ரோல் ஆவி. அதை ஸ்பார்க் டெஸ்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

சூடானால் மயங்கும், ஆறினால் எழும்!

பேட்டரி, பம்ப், சாவி மூன்றும் நிரபராதி என்றால், பல நேரம் விரல் நீளம் உள்ள ஒரு சிறிய பொருளிடம் போய் நிற்போம். அது கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒற்றன். இது வாய் திறக்காவிட்டால், இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 'வண்டி நிற்கிறது, பெட்ரோலும் பொறியும் எதற்கு?' என்று அது இரண்டையும் கொடுக்காமல் இருந்துவிடும்.

இந்த சென்சார் பழுதாகும் விதம் பல குடும்பங்களைப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் கார், 60 கிலோமீட்டர் ஓடி டீக்கடையில் நின்றதும் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒர்க் ஷாப்புக்குப் போனால் அங்கே ஒழுங்காக ஓடும். "வண்டியில ஒண்ணும் இல்லையே சார்" என்பார்கள். சூட்டில் சென்சாருக்குள் இருக்கும் இணைப்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்வதால் வரும் வினை இது. 'சூடா இருக்கும்போதுதான் வருது' என்ற ஒரு வரியைச் சொன்னாலே அனுபவமுள்ள மெக்கானிக்குக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சில கார்களில் நாமேகூட ஒரு குறிப்பைப் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் லேசாக அசைய வேண்டும். அது சுழியத்திலேயே செத்துக் கிடந்தால் இந்த சென்சார் பக்கம் பார்வையைத் திருப்பலாம்.

இந்த இடத்தில்தான் பலருடைய பர்ஸ் கரைகிறது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள கார்களில், நான்கு பிளக்கும் நான்கு காயிலும் ஒரே காலையில் சொல்லிவைத்தாற்போல் சாகாது. ஒன்று போனால் இன்ஜின் நடுங்கிக்கொண்டாவது ஓடும். நான்கிலும் ஒரே நேரத்தில் பொறி இல்லை என்றால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. ஆனால், 'பிளக் மாத்திப் பார்ப்போம், காயில் மாத்திப் பார்ப்போம், பம்ப் மாத்திப் பார்ப்போம்' என்று போகும் ஒர்க் ஷாப்பில், மாற்றிப் பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் பில் போடுவது நம் பெயரில்.

மாற்றுவதற்கு முன் ஸ்கேனர் போடச் சொல்லிக் கேளுங்கள். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. என்ற சாக்கெட் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகி, செல்போன் ஆப்பில் நாமே கோடு பார்க்கலாம். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார், பி0230 பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சார வழி. ஆனால், கோடு என்பது தீர்ப்பு அல்ல, முகவரிதான். பி0335 வந்ததுமே சென்சாரை மாற்றிவிட்டு, கார் அப்படியே நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொள்ள நேரலாம். பிறகு பார்த்தால் சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கும். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் குடியேறும் எலிகளுக்குக் கார் ஒயரிங் மேல் அப்படி ஒரு பிரியம். பானெட்டைத் திறந்ததும் புழுக்கை, கடிபட்ட ஸ்பாஞ்ச், காய்ந்த ரொட்டித் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால், சென்சாருக்கு முன் ஒயரைத் தேடச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு இடங்களில் சாவியைத் தொடவே கூடாது!

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் 'விர்ர்... விர்ர்...' என்று ஒரு தாளத்தோடு சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நெருக்கும்போது வரும் தாளம் அது. திடீரென்று ஒருநாள் தாளமே இல்லாமல், பாரமே இல்லாத மிக்ஸி போல 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று வேகமாகச் சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்றவற்றில் ரப்பர் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் இன்ஜின்களில் செயின். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. அது முடியும் முன் மாற்ற வேண்டும் என்று கையேடு கிலோமீட்டர் கணக்கோடு சொல்கிறது. அறுந்த பிறகும் செல்ஃப் அடித்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வால்வை இடித்து வளைக்கும். பெல்ட் செலவு, இன்ஜினை இறக்கும் செலவாகிவிடும்.

இரண்டாவது, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது மனித இயல்பு. ஆனால், காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஏறிவரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடிப்படை இன்ஷூரன்ஸ் பாலிசியில், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் வந்த சேதத்துக்கு வழக்கமாகப் பணம் கிடைக்காது. அதற்கென 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இருக்கிறது. தண்ணீரில் நின்ற காருக்குச் சரியான முதலுதவி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டிக்குச் சொல்வதுதான்.

டீசல், சி.என்.ஜி. கார்களுக்கு

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் பொறியைத் தேட வேண்டாம். டீசல் சுத்தமாகத் தீர்ந்து, பிறகு ஊற்றியிருந்தால் பைப்பில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் இருக்கும் மாடல்களில் அது கெட்டியாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தாலும் இதே தொல்லை வரும். அதற்குத் தனி எச்சரிக்கை விளக்கு உண்டு. க்ளோ பிளக் பற்றி ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கவலைப்பட வேண்டும். சமவெளியில் அது பெரும்பாலும் முதல் சந்தேகம் அல்ல.

சி.என்.ஜி. கார்களில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். டாடாவின் ஐ.சி.என்.ஜி. போல நேரடியாக கேஸிலேயே ஸ்டார்ட் ஆகும் மாடல்களும் இருக்கின்றன. முதல் வகைக் காரில், கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோலைக் கண்டுகொள்ளாமல் விட்டால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் கார் நகராது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலும் வில்லன்தான். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது...

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். ஹசார்ட் விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை காருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, குடும்பத்தை காரிலிருந்து இறக்கி சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

பிறகு மெக்கானிக்குக்கு போன். "ஏதோ ஆயிடுச்சுண்ணே, ஸ்டார்ட் ஆகல" என்று சொன்னால், அவர் எல்லா டூல்ஸையும் தூக்கிக்கொண்டு வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, செல்ஃப் நல்லா எடுக்குது. சாவி லைட் அணைஞ்சிடுது. பெட்ரோல் அரை டேங்க் இருக்கு. ஆனா சாவி போட்டா பின்னாடி பம்ப் சத்தம் வரல. ஹாரன் ரிலேயை மாத்திப் போட்டேன், இப்ப பம்ப் ஓடுது. ஹாரன்தான் அடிக்கல."

"அப்ப வண்டி ஸ்டார்ட் ஆகுமே, மெதுவா ஓட்டிட்டு ஷெட்டுக்கு வந்துடுங்க" என்பார் அவர். "ஹாரன் இல்ல, பார்த்து வாங்க."